மேசைக்கு எதிர்ப்புறம் நின்றவர்கள்

அறுவை சிகிச்சையின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கத்தி பிடித்தவர்களின் பெயர்வரிசை. லிஸ்டர், ஹால்ஸ்டெட், குஷிங், பிளாலக் என்று அது நீளும். மேசைக்கு எதிர்ப்புறம் நின்று சதையை விலக்கிப் பிடித்தவர், குருதி கசிந்த இடத்தைத் துடைத்துக் காட்டியவர், நூலை வெட்டியவர், கருவியை எடுத்துக் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்கள் அடிக்குறிப்பில்கூட அரிதாகவே வரும். இதை நன்றி மறந்த செயல் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தப் பெயர்கள் விடுபடும்போது வரலாற்றின் காரணகாரியமே பிசகிவிடுகிறது என்பது என் எண்ணம். அறுவை மேசையில் படுத்தவர் உயிரோடு எழுந்து போகும் வாய்ப்பு கடந்த இருநூறு ஆண்டுகளில் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. கத்தி பிடித்தவரின் திறமை வளர்ந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. துணை நிற்பவர் எதையெல்லாம் அறிந்திருக்க வேண்டும், எதையெல்லாம் வாய் திறந்து சொல்லலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் காலந்தோறும் கிடைத்த விடைகள் மாறின. அந்த மாற்றம்தான் பாதி வேலையைச் செய்தது. பிரிட்டனில் இன்று ‘சர்ஜிக்கல் ஃபர்ஸ்ட் அசிஸ்டென்ட்’ என்று ஒரு தனிப்பணி வரையறுக்கப்பட்டிருப்பது அந்த நீண்ட மாற்றத்தின் அண்மைக் கட்டம்.

மயக்க மருந்துக்கு முந்திய காலத்தில் துணையாள் யாராக இருந்தார் என்பதற்கு லண்டனில் இன்னும் கண்ணால் பார்க்கக்கூடிய சான்று இருக்கிறது. செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் பெண் நோயாளிகளுக்கான அறுவை அரங்கை 1822இல் ஒரு தேவாலயத்தின் பரணில் அமைத்தார்கள். அது இப்போது அருங்காட்சியகம். நடுவில் மரமேசை, சுற்றிலும் மாணவர்கள் நின்று பார்க்கப் படிக்கட்டு வரிசை, சிந்தும் குருதியை உறிஞ்ச மரத்தூள். நோயாளிக்கு முழு நினைவு இருந்தது. அவரைத் திமிராமல் பிடித்துக்கொள்வதே துணை நின்றவர்களின் முதல் வேலை. அருகிலிருந்த கைஸ் மருத்துவமனையில் ‘டிரெஸ்ஸர்’ எனப்பட்ட மாணவர்கள் அறுவையாளருக்கு உதவினார்கள், புண்களுக்குக் கட்டுப் போட்டார்கள், முறை வைத்து அவசர நோயாளிகளைப் பார்த்தார்கள். 1816இல் அந்த வேலையைச் செய்தவர்களில் கவிஞர் ஜான் கீட்ஸும் ஒருவர். இவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது உடல்வலு மட்டும்தானா என்றால், அப்போதும் இல்லை. தொடையை வெட்டி எடுக்கும்போது இடுப்பு மடிப்பில் பெருந்தமனி எங்கே ஓடுகிறது என்று அறிந்து, அதை எலும்போடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. ழான் லூயி பெத்தி 1718இல் திருகு வைத்த டூர்னிகே பட்டையைக் கொண்டுவந்த பிறகும் அந்தக் கட்டைவிரலின் தேவை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அது சறுக்கினால் நோயாளியின் கதை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அறுவையாளரின் வேகம் எவ்வளவு புகழப்பட்டாலும், உயிர் அந்த இன்னொரு கையில் இருந்தது.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுக்க, ஜான் காலின்ஸ் வாரன் ஒருவரின் கழுத்துக் கட்டியை அறுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று லண்டனில் ராபர்ட் லிஸ்டன் ஈதர் மயக்கத்தில் ஒரு காலை எடுத்தார். பிடித்துக்கொள்ளும் வேலை அன்றோடு போயிற்று. அதன் இடத்தில் வந்த வேலை அதைவிடக் கடினமானது: மயங்கிக் கிடப்பவரின் மூச்சையும் நாடியையும் விடாமல் கவனிப்பது. அதற்கு அறிவு வேண்டும் என்பதை மருத்துவ உலகம் உடனே உணரவில்லை. 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு அருகே கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி ஒருத்தி சில நிமிடங்களில் இறந்துபோனாள். அதற்குப் பிறகும், பல மருத்துவமனைகளில் மயக்க மருந்து கொடுக்கும் பொறுப்பு அறையில் இருப்பவர்களிலேயே மிக இளையவர் தலையில்தான் விழுந்தது. ஹார்வர்டில் மாணவராக இருந்த ஹார்வி குஷிங் 1893இல் அப்படித்தான் ஈதர் கொடுக்க அனுப்பப்பட்டார். அவர் கையிலேயே ஒரு நோயாளி இறந்தார். படிப்பையே விட்டுவிடலாமா என்று கலங்கியவர், தன் நண்பர் எர்னஸ்ட் காட்மனோடு சேர்ந்து, மயக்கத்தில் இருப்பவரின் நாடியையும் மூச்சையும் இடைவெளி விட்டுக் குறித்து வைக்கும் தாள்களை உருவாக்கினார். அறுவை அரங்கில் நோயாளியின் நிலையைத் தொடர்ந்து எழுதி வைக்கும் வழக்கம், தலைமை இடத்தில் இருந்த எவரிடமிருந்தும் வரவில்லை. பயிற்சி இல்லாமல் பொறுப்பு மட்டும் சுமத்தப்பட்ட இரண்டு மாணவர்களின் வேதனையில் அது பிறந்தது.

கிருமிகளைப் பற்றிய அறிவு இந்தக் கணக்கை இன்னும் ஆழமாக மாற்றியது. ஜோசஃப் லிஸ்டர் 1865இல் கிளாஸ்கோவில் கார்பாலிக் அமிலத்தைப் புண்ணுக்குப் பயன்படுத்தத் தொடங்கி, 1867இல் முடிவுகளை வெளியிட்டார். அவருடைய முறையின் உட்பொருளை யோசித்துப் பார்க்க வேண்டும். பழைய அரங்கில் ஒரு துணையாள் அறியாமையில் இருந்தால், அவர் பிடி தளர்ந்தது என்பதோடு கேடு நின்றுவிடும். புதிய அரங்கில், அறுவையாளர் எவ்வளவு கழுவினாலும், நூல் கோத்துக் கொடுப்பவரின் ஒரு விரல் அழுக்கான இடத்தைத் தொட்டால் எல்லாம் வீண். மேசையைச் சுற்றி நிற்கும் அத்தனை கைகளும் ஒரே ஒழுங்குக்குள் வந்தாக வேண்டும். ஏன் என்று புரியாதவர் யாரும் பார்க்காத நேரத்தில் அந்த ஒழுங்கை விட்டுவிடுவார். ஆகவே ‘ஏன்’ என்ற அறிவு முதன்முறையாக அறையில் இருந்த எல்லோருக்கும் வேண்டியதாயிற்று. மருத்துவம் முன்னேறியது விஞ்ஞானத்தால்தானே, துணையாட்களால் இல்லையே என்று சொல்பவர்களுக்கு இதுவே என் மறுமொழி. விஞ்ஞானம் சரியான விடையைத் தந்தது, மெய்தான். அந்த விடை ஆய்வறையிலிருந்து நோயாளியின் புண் வரைக்கும் வந்து சேர்ந்தது கைகளின் வழியாக. அந்தக் கைகளில் பெரும்பாலானவை துணை நின்றவர்களுடையவை.

ரப்பர் கையுறையின் கதையில் இது மிகத் துல்லியமாகத் தெரிகிறது. பால்டிமோரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட்டின் அரங்கில் கரோலின் ஹாம்ப்டன் கருவி கொடுக்கும் செவிலியராக இருந்தார். கை கழுவப் பயன்பட்ட பாதரசக் குளோரைடு கரைசல் அவர் தோலைப் புண்ணாக்கியது. வேலையை விட்டுவிடும் நிலை வந்தபோது, ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய கையுறைகளைச் செய்து வாங்கினார். நோயாளியைக் காப்பது அப்போது நோக்கமே இல்லை. ஒரு பெண்ணின் கையைக் காப்பது மட்டுமே நோக்கம். பிறகு ஃபீனால் கரைசலில் கிடக்கும் கருவிகளை எடுத்துத் தரும் உதவி மருத்துவருக்கும் கையுறை கிடைத்தது. உதவியாளர்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள். கையுறை இல்லாமல் வேலை செய்வதுதான் அவர்களுக்குச் சங்கடமாக ஆயிற்று. இத்தனை ஆண்டுகளும் புண்ணுக்குள்ளே நேராகக் கை விட்ட அறுவையாளர் பெரும்பாலும் வெறுங்கையோடு இருந்தார். அதே மருத்துவமனையின் ஹன்டர் ராப் 1894இல் அறுவையாளரும் கையுறை அணிய வேண்டும் என்று எழுதினார். ஹால்ஸ்டெட்டிடம் பயின்ற ஜோசஃப் பிளட்குட் அதைத் தவறாத வழக்கமாக்கி, 450க்கும் மேற்பட்ட குடலிறக்க அறுவைகளின் முடிவுகளை 1899இல் வெளியிட்டு, கையுறை அணிந்த பிறகு புண் சீழ்பிடிப்பது எவ்வளவு குறைந்தது என்று காட்டினார். நான்கைந்து ஆண்டுகள் கண்முன்னே இருந்த உண்மையைக் காணாமல் போனோமே என்று ஹால்ஸ்டெட் பின்னாளில், 1913இல், வியந்து எழுதினார். அவர் நேர்மையானவர், அதனால் எழுதினார். நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: பாதுகாப்பான வழக்கம் மேசையின் துணைப்பக்கத்தில் முதலில் வேரூன்றி, அங்கிருந்துதான் கத்தி பிடித்தவரின் பக்கத்துக்குப் போனது.

அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அரை நூற்றாண்டு கழித்து நடந்ததைச் சற்று விரித்துச் சொல்லத்தான் வேண்டும். விவியன் தாமஸ் 1910இல் பிறந்த கறுப்பின அமெரிக்கர். தச்சு வேலை பார்த்துக் கல்லூரிப் படிப்புக்காகச் சேமித்த பணம், பொருளாதாரச் சரிவில் வங்கி மூழ்கியபோது போய்விட்டது. 1930இல் நாஷ்வில்லின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் பிளாலக்கின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்; 1941இல் பிளாலக்கோடு பால்டிமோர் வந்தார். மருத்துவப் பட்டம் அவருக்கு இல்லை. இதயத்தில் பிறவிக் கோளாறோடு பிறந்து, உதடும் விரலும் நீலம் பாரித்துப் போகும் குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக் கேட்டார். கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் வழியை நாய்களில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து உறுதிப்படுத்தியவர் தாமஸ். அதற்கேற்ற கருவிகளையும் அவரே வடிவமைத்தார். 1944 நவம்பர் 29 அன்று 15 மாதக் குழந்தை ஒன்றுக்கு முதன்முதலாக அந்த அறுவை நடந்தது. பிளாலக் அதுவரை அதை ஒரு நாயில், தாமஸ் துணை நிற்க, ஒரே ஒரு முறைதான் செய்திருந்தார். எனவே தாமஸ் அரங்கில் இருந்தாக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, பிளாலக்கின் தோளுக்குப் பின்னால் தாமஸ் ஏறி நின்றார். கீறல் போதுமா, தையல் சரியான திசையில் போகிறதா என்று பிளாலக் கேட்கக் கேட்க அவர் பதில் சொன்னார். ஊசி தவறான பக்கம் திரும்பியபோது திருத்தினார். அறையில் இருந்த மருத்துவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1945இல் வெளிவந்த கட்டுரையில் பிளாலக், டாசிக் இருவரின் பெயர்களே இருந்தன. தாமஸுக்கு அந்தப் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது 1976இல். இந்த அநீதி இன்று ஓரளவு அறியப்பட்டிருக்கிறது, அறியப்பட வேண்டியதும்கூட. ஆனால் என் வாதத்துக்கு அதைவிட முக்கியமானது அந்த முக்காலி. அறையில் மிகவும் தேவைப்பட்ட அறிவு, பட்டமோ பதவியோ இல்லாத ஒருவரிடம் இருந்தது. நிறவெறி ஊறிய ஒரு நகரத்தில், அந்த அறிவைப் பேசவைக்கும் துணிவு அறுவையாளருக்கு இருந்ததால் குழந்தை மேசையிலிருந்து உயிரோடு இறங்கியது. தாமஸ் ஓர் அபூர்வ மனிதர், அவரை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்று கேட்கலாம். அவருடைய திறமை அபூர்வம்தான். ஆனால் பார்க்கும் கோணத்தால் துணையாளுக்குத் தெரிவது அறுவையாளருக்குத் தெரியாமல் போவது அன்றாடம் நடப்பது. ஒரு சிறு குழாயை உற்றுப் பார்த்துத் தைப்பவரின் கண், இரண்டு விரற்கடை தள்ளி ஊறும் குருதியைக் காணாது. எதிரே நிற்பவருக்கு அது தெரியும்.

அரங்கில் துணை நிற்பது ஒரு தொழிலாக உருவானதற்குப் பெரும் காரணம் ஆள் பற்றாக்குறை. இதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் செவிலியர்கள் போதாமல் போனபோது அமெரிக்க ராணுவம் சிப்பாய்களையே அரங்கு உதவிக்குப் பழக்கியது. போர்முனையில் அனுபவம் பெற்ற கடற்படை மருத்துவ உதவியாளர்களைக் கொண்டு டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் 1965இல் ‘ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்’ படிப்பைத் தொடங்கினார். அலபாமாவில் இதய அறுவையாளர் ஜான் கிர்க்லின் 1967இல் அறுவை உதவியாளர்களுக்கென்றே ஒரு படிப்பைத் தொடங்கினார். பிரிட்டனில் இளம் மருத்துவர்களின் வேலை நேரம் ஐரோப்பிய விதிப்படி 2009இல் வாரம் 48 மணியாகச் சுருங்கியபோது, மேசைக்கு எதிர்ப்புறம் நிற்க ஆள் தேவைப்பட்டது. செவிலியர்களும் அரங்குத் தொழில்நுட்பர்களும் அந்த இடத்துக்கு வந்தார்கள். அங்குள்ள அரங்குத் தொழிலமைப்புகளின் கூட்டமைப்பு 2012இல் அந்தப் பணியை வரையறுத்தது: அறுவையாளரின் நேரடி மேற்பார்வையில், தொடக்கம் முதல் முடிவு வரை, முழுக் கவனத்தோடு துணை நிற்க வேண்டும், தானாக எந்த அறுவைச் செயலிலும் இறங்கக் கூடாது. கருவி கொடுப்பதையும் துணை நிற்பதையும் ஒருவரே சேர்த்துப் பார்க்கும் வழக்கத்துக்கும் அது எல்லை கட்டியது. சென்னையில் கே. எம். செரியன் 1992இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்கு அதுவே தொடக்கம். அதுவும் ஓர் இதய அறுவைப் பிரிவிலிருந்துதான் முளைத்தது.

இதையெல்லாம் மலிவான ஆள் தேடும் ஏற்பாடு என்று குறை சொல்பவர்கள் உண்டு. அறுவை பயில வேண்டிய இளம் மருத்துவரின் இடத்தை இவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற குறையும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. பற்றாக்குறையை அடைக்க அவசரமாக யாரையாவது நிறுத்தினால், 1893இல் குஷிங்கை ஈதர் புட்டியோடு நிறுத்திய அதே தவற்றைத்தான் செய்கிறோம். பயில வந்த மருத்துவரை, சதையை விலக்கும் கொக்கியைப் பிடிக்கவிடாமல் ஒதுக்கினால் நாளைய அறுவையாளருக்குக் கை பழகாது. ஆனால் இந்தக் குறைகள் பயிற்சியையும் எல்லையையும் பற்றியவை. துணை நிற்பதற்கென்று தனி அறிவு தேவையில்லை, மருத்துவம் படித்த யாரும் அதைச் செய்துவிடலாம் என்ற முடிவுக்கு அவை இட்டுச் செல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு என்று மாறிப் போகும் பயிற்சி மருத்துவரைவிட, பத்தாண்டு ஒரே அரங்கில் நின்றவருக்கு அந்த அறையின் ஆபத்துகள் நன்றாகவே தெரியும்.

அந்த ஆபத்துகள் எவை என்று பார்த்தால், துணையாளரின் அறிவு எவ்வளவு பரந்தது என்பது விளங்கும். மயங்கியவர் தன் கை மரத்துப்போகிறது என்று சொல்ல மாட்டார். தோளுக்கு மேல் அளவு மீறி விரித்து வைத்த கை, முழங்கையின் உட்புறம் மேசை விளிம்பில் அழுந்தியபடி இரண்டு மணிநேரம் கிடந்தால், கண் விழிக்கும்போது விரல்கள் சொன்னபடி கேட்காமல் போகலாம். வயிற்றை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரின் தகடு ஆழமாக இறங்கித் தொடை நரம்பை அழுத்தினால், கருப்பை எடுத்த பெண் படியேறத் தடுமாறுவார். இதைச் செய்வது அறுவையாளரின் கத்தி இல்லை. கொக்கியைப் பிடித்த கை. பாஸ்டனில் 1926 அக்டோபரில் குஷிங் முதன்முறையாக, போவி என்பவர் உருவாக்கிய மின்கத்தியைப் பயன்படுத்தினார். அது மூளைக் கட்டிகளை எடுக்க வழி திறந்தது. கூடவே, தோலில் ஒட்டும் தகடு சரியாகப் படியாவிட்டால் தீப்புண் என்ற புதிய கேட்டையும் கொண்டுவந்தது. உடல் சூடு குறைவதுகூடச் சிறிய விஷயம் இல்லை. பெருங்குடல் அறுவைக்கு வந்த 200 பேரை வைத்து நடந்து 1996இல் வெளிவந்த ஆய்வில், உடல் குளிரவிடப்பட்டவர்களில் 19 சதவீதத்தினருக்குப் புண் சீழ்பிடித்தது. சூடு காக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்கே பிடித்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கீறுவதற்கு முந்திய இரண்டு மணிநேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் மிகுதி என்று 2,847 நோயாளிகளைப் பார்த்த 1992ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. போர்வை போட்டாயிற்றா, ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று கேட்பதற்கு அறுவைத் திறன் வேண்டாம். கேட்க வேண்டும் என்ற அறிவு மட்டும் வேண்டும்.

துணி எண்ணும் வழக்கத்தையும் இங்கே பார்க்க வேண்டும். வயிற்றுக்குள் வைத்த மாப் துணிகளையும் ஊசிகளையும் மூடுவதற்கு முன் எண்ணுவது நூறாண்டுக்கும் மேலாக இருந்துவரும் வழக்கம். அதுல் கவாண்டேயும் அவர் உடன் ஆய்ந்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், உடலுக்குள் பொருள் விடப்பட்ட 54 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை நடந்த நிகழ்வுகளில் 88 சதவீதத்தில், கடைசி எண்ணிக்கை சரி என்றே தவறாகச் சொல்லப்பட்டிருந்தது. அவசர அறுவைகளிலும், நடுவழியில் திட்டம் மாறிய அறுவைகளிலும் இந்த ஆபத்து பல மடங்கு கூடியிருந்தது. எண்ணுவது பயனற்றது என்று இதைப் படித்தால் தவறு. எண்ணுபவர் எண்ணை மட்டும் அறிந்திருந்தால் போதாது, எப்போது எண்ணிக்கையை நம்பக் கூடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே பொருள். குருதி பொங்கி வந்து, அவசரமாக நான்கு துணிகளைத் திணித்த நேரத்தில் கூடவே கை வைத்திருந்தவர் முதல் உதவியாளர். எந்த மூலையில் எது போனது என்பதற்கு அவருடைய நினைவே சாட்சி.

அறிந்திருப்பதும் அதைச் சொல்வதும் ஒன்றாக நடப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஒப்பாய்வில், மேலிருப்பவர் கீழிருப்பவரின் பேச்சைக் கேட்காத கடும் படிநிலையை விமானிகளில் 97 சதவீதத்தினர் ஏற்கவில்லை. மூத்த அறுவையாளர்களில் 55 சதவீதத்தினரே அதை ஏற்கவில்லை. டொரோன்டோவில் லோரலை லிங்கார்டும் அவர் குழுவினரும் அரங்குகளில் உட்கார்ந்து கவனித்த 421 உரையாடல்களில் 129 ஏதோ ஒரு வகையில் தவறிப் போயிருந்தன: சொல்ல வேண்டியதை நேரம் கடந்து சொன்னது, கேட்க வேண்டியவர் அங்கே இல்லாதது, பாதிச் செய்தி. இங்கிலாந்தில் 2005இல் மூக்கறைச் சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஓர் இளம் தாய்க்கு மூச்சுக்குழாயைப் பொருத்த முடியாமல் போயிற்று. அனுபவம் மிக்க மருத்துவர்கள் மூவர் அதே முயற்சியைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு செவிலியர் கழுத்தில் துளையிட்டு மூச்சு கொடுக்கும் கருவிப்பெட்டியைக் கொண்டுவந்து, தயாராக இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லி வைத்தார். அந்தக் குரல்கள் எடுபடவில்லை. அந்தப் பெண் சில நாட்களில் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. யாரையும் தண்டிக்கக் கேட்காமல், என்ன நடந்தது என்று விசாரிக்கச் சொன்னார், பிறகு மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராயும் ஓர் அமைப்பை 2007இல் தொடங்கினார். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தும், அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியவில்லை என அரங்கில் இருந்த செவிலியர்கள் விசாரணையில் சொன்னார்கள். தாமஸுக்குக் கிடைத்த முக்காலி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலை நான் அந்த முக்காலியாகவே பார்க்கிறேன். மயக்கத்துக்கு முன், கீறலுக்கு முன், அரங்கை விட்டுப் போகும் முன் என்று மூன்று நிறுத்தங்களில் 19 கேள்விகள். அதில் ஒன்று, அறையில் உள்ள எல்லோரும் பெயரும் பணியும் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது. ஒருமுறை வாய் திறந்தவர் மறுமுறை எளிதாகத் திறப்பார் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. புது டெல்லி, மணிலா, அம்மான், தான்சானியாவின் இஃபகாரா, டொரோன்டோ, லண்டன், சியாட்டில், ஆக்லாந்து ஆகிய எட்டு இடங்களில் ஒவ்வொரு மருத்துவமனையில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. இதற்கு வலுவான எதிர்ச்சான்றும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளைப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், பட்டியல் வந்த பிறகு இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65 என்ற அளவிலேயே நின்றது. அது பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை. நான் இந்த ஆய்வைத் தள்ளிவிட விரும்பவில்லை, அது என் வாதத்துக்கு உதவுகிறது. அங்கே பட்டியல் மேலிடத்து ஆணையாக வந்தது, கட்டங்கள் நிரப்பப்பட்டன. தென் கரோலினாவில் 14 மருத்துவமனைகள் தாமாக முன்வந்து, குழுப் பயிற்சியோடு சில ஆண்டுகள் உழைத்து நடைமுறைப்படுத்தியபோது, இறப்பு 3.38 சதவீதத்திலிருந்து 2.84 ஆக இறங்கியது என 2017இல் தெரிந்தது. தாள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதைப் படிப்பவரின் கேள்விக்கு மற்றவர்கள் நின்று பதில் சொன்னார்களா என்பதுதான் வேறுபாடு.

ஒரே அறையில் பல குரல் எழுந்தால் குழப்பம்தானே மிஞ்சும், குருதி பீறிடும்போது விவாதிக்க முடியுமா என்பது அறுவையாளர்களின் பழைய வாதம். அதில் அச்சம் நியாயமானது. முடிவு எடுப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வரையறையும் அதை மாற்றவில்லை. ஆனால் முடிவெடுக்கும் உரிமையும் தகவல் சொல்லும் உரிமையும் வேறு வேறு. 1944 நவம்பரில் முடிவு முழுக்க பிளாலக்குடையது. ஊசி திசைமாறியது என்று சொல்லும் உரிமை தாமஸுடையது. இதனால் பிளாலக்கின் அதிகாரம் குறைந்ததாக யாரும் எழுதவில்லை. முன்பே பேசி ஒழுங்கு செய்துகொண்ட குழுவில் நெருக்கடி நேரத்துப் பேச்சு சுருக்கமாகவே இருக்கும். பேசவே பழகாத குழுவில்தான் நெருக்கடி வரும்போது ஒன்று அமைதி நிலவும், அல்லது எல்லோரும் ஒன்றாகக் கத்துவார்கள்.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம் அறுவை அரங்குத் தொழில்நுட்பர்களையும், ஃபிசிஷியன் அசோசியேட் என்ற பெயரில் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. சென்னையில் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தொழிலுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்தது. இனிச் செய்ய வேண்டியவை பெயருக்கு அப்பால் உள்ளவை. இதய அறுவையில் காலிலிருந்து நாளம் எடுத்துத் தரும் உதவியாளரின் செயலுக்கு எது எல்லை, மேற்பார்வை என்றால் அறுவையாளர் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்பவை எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும். சிறு மருத்துவமனைகளில் ஒரே செவிலியர் கருவியும் கொடுத்து, கொக்கியும் பிடித்து, துணியும் எண்ணும் வழக்கம் இருக்கிறது. எந்த அளவு அறுவை வரை அது பொறுத்துக்கொள்ளத்தக்கது என்று ஒவ்வொரு அரங்கும் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். பயிற்சியில் முடிச்சுப் போடவும் நூல் வெட்டவும் கற்றுத் தருவதோடு, ‘டாக்டர், நிறுத்துங்கள், ஒரு துணி குறைகிறது’ என்று தெளிவான குரலில் சொல்வதையும் செய்து பழக்க வேண்டும். அப்படிச் சொன்ன பிறகு துணி கிடைத்துவிட்டாலும், எண்ணியதில்தான் பிழை என்று தெரிந்தாலும், சொன்னவரைக் கடிந்துகொள்ளக் கூடாது என்பது அறுவையாளர்களின் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும்.